கூப்பிட்டுவிட்டு உள்ளே வா

மகனுக்கு,

இந்தக் கடிதத்தை நான் மடித்து ஒட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் விரித்து வைத்துவிட்டுப் போகிறேன். உன் பெண்டாட்டி படிக்கட்டும், சமையலுக்கு வருகிறவள் படிக்கட்டும், கார் ஓட்டுகிறவன் தண்ணீர் குடிக்க வந்தால் அவனும் படிக்கட்டும். அடுத்தவர் வீட்டைத் திறந்து பார்க்கிறவனுக்கு வருகிற கடிதம் மட்டும் எதற்கு மூடியிருக்க வேண்டும்? 'கண்ணு' என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன கை இது, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஆனால் இதில் இருக்கிற ஒரு சங்கதியும் கோணல் இல்லை. என் ஞாபகத்தைப் பற்றி உனக்குத் தெரியும். என் கல்யாணப் பந்தியில் உன் பெரியப்பா யார் இலைக்கு அப்பளம் போடாமல் தாண்டிப் போனார் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அவர் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது, நான் இன்னும் விடவில்லை.

நேற்றுக் காலையில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். அதற்குப் பதில்தான் இது. நான் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கிற நேரமாகப் பார்த்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "அம்மா, நாளைக்கு மகளிர் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க. அந்த முத்துலட்சுமி ஊட்டுல கேஸ் வாசம் அடிச்சுது, நான்தான் பையனைப் போய்ப் பாக்கச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க" என்றாய். நான் எங்கே சொன்னேன் என்று கேட்டேன். "சொன்னதா இருக்கட்டுமுங்கம்மா. பெத்த பையனுக்காக இது கூடச் சொல்ல மாட்டீங்களா?" என்றாய். சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் ஒரு இட்லி வைத்தாய். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நீ எனக்குப் பரிமாறியது அந்த ஒரு இட்லிதான். அதை நான் சாப்பிடவில்லை. காக்காய்க்குப் போட்டேன்.

நீ மறந்ததுபோல நடிப்பாய் என்பதால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில். நான் மாடியில் கூழ்வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து பார்த்தால் பின்னால் நீ வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீடுகள் அத்தனையும் தெரியும். அது உனக்கும் தெரியும், ஆனால் மேலே கிழவிதானே என்று நினைத்துவிட்டாய். கடைசியில் இருக்கிற முத்துலட்சுமி வீட்டு வாசலில் நின்று செருப்புகளைப் பார்த்தாய். யார் வீட்டில் ஆள் கூடியிருக்கிறது என்று செருப்பை வைத்துக் கண்டுபிடிக்கிற வேலையை நீ எங்கே கற்றாயோ தெரியாது. பனியன் கம்பெனியில் சரக்கு எண்ணுகிறவன் வீட்டிலும் அதையே செய்கிறாய் போலிருக்கிறது. பிறகு இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தாய். கதவைத் தட்டவில்லை. கூப்பிடவில்லை. திறந்தாய், போனாய். முத்துலட்சுமி அன்று ஷிப்மெண்ட் நெருக்கடியில் விடிய விடியத் தைத்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தவள். வீட்டுக்காரன் கட்டிங் வேலைக்குப் போய்விட்டான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கண் ஆபரேஷனுக்காக வந்திருந்த அவள் அம்மாவையும் காலையிலேயே ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த அம்மாளின் பாய் சுருட்டி வைத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் நீ போனாய். வாடகைக்கு வந்தபோது சொன்ன ஆளுக்கு மேல் ஒரு கிழவி இருக்கிறாளா என்று.

அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "யாரு? அண்ணே! வெளிய போங்கண்ணே, வெளிய போங்க!" நீ உள்ளேயிருந்து சொன்னது மாடி வரைக்கும் கேட்டது. "எதுக்குக் கத்தற? என்ர ஊடு இது. மீட்டர் பாக்க வந்தேன்." லைனே கூடிவிட்டது. பத்து ஆளைப் பார்த்ததும் மீட்டர் உனக்கு மறந்துபோயிற்று. "கேஸ் வாசம் அடிச்சுதுங்க. எங்கம்மாதான் போய்ப் பாருன்னு சொன்னாங்க" என்றாய். அப்போது எதிர்வீட்டுப் பீகார்ப் பையன் ஒன்று கேட்டான் பார், என் வயிறு குளிர்ந்துவிட்டது. "முதலாளி, கேஸ் வாசம் பாய்க்குக் கீழே வருதா? நீங்க பாய் தூக்கிப் பாத்தான்?" எல்லாரும் சிரித்தார்கள். முத்துலட்சுமி அழுதது உனக்கு உறைக்கவில்லை, அவர்கள் சிரித்ததுதான் உறைத்தது. அதனால்தான் அன்று சாயந்திரமே அவள் வீட்டுக்கு மட்டும் ஃபியூஸைப் பிடுங்கினாய். இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னாய். அவள் போலீசுக்குப் போனாள். நான் உன் பக்கம் பொய் சொன்னால், கண் கட்டு அவிழ்க்காத அம்மாவை வைத்துக்கொண்டு அவள் தெருவில் நிற்பாள். அவளை லைனில் விடுவதா தெருவில் விடுவதா என்பது இப்போது என் வாயில் இருக்கிறது. அதற்காகத்தான் இட்லி வைத்தாய்.

உனக்கு வேறு ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். மடத்துக்குளத்தை விட்டு நாங்கள் வந்து முதலில் குடியேறியது அனுப்பர்பாளையத்தில் ஒற்றை அறை. வெளியே பாத்திரம் தட்டுகிற சத்தம் காலையிலிருந்து ராத்திரி வரை. அந்த வீட்டுக்காரர் நல்ல மனுஷர் என்று ஊரே சொல்லும். எதிரில் வருகிற நாயைக்கூட 'தள்ளிப் போங்க' என்பார். ஆனால் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் அந்த 'ங்க' காணாமல் போய்விடும். நேராக உள்ளே வருவார். குழம்புச் சட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பார். "கறியா? ஏம்புள்ள, வெள்ளிக்கிழமையில கறியா?" என்பார். அது கத்தரிக்காய். கத்தரிக்காய் என்று நான் என் வீட்டுக்குள் நின்றுகொண்டு அவரிடம் நிரூபிக்க வேண்டும். உன் அப்பா என்ன செய்வார் தெரியுமா? ஸ்டூலை வேட்டி நுனியால் துடைத்துப் போட்டு "உக்காருங்க சாமி" என்பார். உன் அப்பாவை நான் மன்னிக்காத கணக்கில் அந்த ஸ்டூல் முதலில் இருக்கிறது. திதிக்கு நீ ஐயரை வைத்துச் செய்கிறாயே, நான் தலை வலிக்கிறது என்று படுத்துக்கொள்கிறேனே, அது தலைவலி இல்லை.

குளிக்க அங்கே தனி இடம் கிடையாது. அறையின் மூலையில் ஒரு சேலையைக் கட்டி மறைத்துக் குளிப்பேன். ஒரு நாள் அந்த மனுஷர் வந்தார். "செவுத்துல ஓதம் ஏறியிருக்குதான்னு பாக்கோணும்" என்றார். சேலைக்குப் பின்னால் நான் ஈரத்தோடு நிற்கிறேன். "குளிச்சுட்டு இருக்கறனுங்க, பொறகு வாங்க" என்றேன். "நீ குளி, நான் செவுத்தைத்தான பாக்கறேன்" என்று சேலையில் கை வைத்தார். அப்போது நீ என்ன செய்தாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. ஓடி வந்து அந்தக் கையைக் கடித்தாய். முன் பல் விழுந்து பாதி முளைத்த வாய். விடவே இல்லை. அந்த மனுஷர் கத்திக்கொண்டு கையை உதறினார், நீயும் கூடவே போனாய், ஆட்டுக்குட்டியைத் தூக்கின மாதிரி. உன் அப்பா வந்ததும் உன்னை விளாசினார். அந்த வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். நான் ஒரு தேங்காய் பன் வாங்கி உன்னை மடியில் வைத்து ஊட்டினேன். அந்த வாரமே வீட்டைக் காலி செய்தோம். சட்டி பானையோடு மாட்டு வண்டியில் போகிறபோது எனக்கு ஒரு துக்கமும் இல்லை. எனக்கு ஒரு ஆண்பிள்ளை இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்தப் பையனை இப்போது தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. இந்த வீட்டில் அவன் முகத்தோடு அந்த வீட்டுக்காரர்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

நீ வளர்ந்தாய். பவர்டேபிள் தையல் மிஷினில் உட்கார்ந்து தைத்தாய், பிறகு பத்துப் பேரை உட்கார வைத்துத் தைக்க வைத்தாய், பூண்டி போகிற வழியில் இந்த இடத்தை வாங்கினாய். முன்னால் உனக்கு மாடி வீடு, பின்னால் வாடகைக்கு லைன் வீடு. சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைக்கவில்லை. கரண்ட் மீட்டர் மாட்டுகிற அன்றைக்கு நான் அங்கே நின்றேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர், அத்தனையும் வீட்டுக்கு உள்ளே, கட்டில் போடுகிற சுவரில். "ஏனப்பா, வாசல் பக்கம் மாட்டினா ஆவாதா?" என்று கேட்டேன். எலக்ட்ரீசியன்கூட உன் முகத்தைப் பார்த்தான். "வெளியில வெச்சா மழை படுமுங்கம்மா" என்றாய். தெருவில் இருக்கிற எல்லா வீட்டு மீட்டரும் வெளியில்தான் இருக்கிறது, மழையும் எல்லாருக்கும்தான் பெய்கிறது. நீ மீட்டரை உள்ளே மாட்டவில்லை. உன் காலை உள்ளே மாட்டினாய். மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங் பார்க்க ஒரு சாக்கு. அது பழகிப்போய் நினைத்தபோதெல்லாம் ஒரு சாக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னொரு சாவி வாங்கி வைத்தாய், நெருப்புப் பிடித்தால் என்ன செய்வதாம். அந்தக் கொத்தை எங்கே மாட்டினாய்? பூஜை அறையில், முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணியில். ஊரான் பொண்டு பிள்ளை தூங்குகிற கதவுச் சாவிகளுக்கு அந்த முருகனைக் காவல் வைத்தாய். அந்த ஆண்டவன் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நீ நினைத்ததில்லை. உன் சாவியைப் பார்த்துக்கொள்கிறான் என்று நினைத்தாய்.

இதெல்லாம் தப்பு என்று உனக்குத் தெரியாது என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் நானும் கொஞ்சம் இரக்கப்பட்டிருப்பேன். ஆனால் உனக்குத் தெரியும். கீர்த்தனா பெங்களூரில் வேலைக்குப் போனபோது என்னையும்தான் காரில் கூட்டிப்போனாய். பேத்தி எங்கே இருக்கப் போகிறாள் என்று அப்பாயி பார்க்கட்டும் என்றாய். அந்த வீட்டுக்காரர் ஒரு தாத்தா, பாவம், சாவியை நீட்டினார். நீ கதவைச் சுற்றிப் பார்த்தாய். "இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்றாய். இருக்கிறது என்றார். நீ கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்து, அவர் கண் முன்னாலேயே பழையதைக் கழற்றி மாட்டினாய். "என்ர புள்ள தனியா இருக்கற ஊடுங்க. நீங்க வாரதா இருந்தா ஒரு நாளைக்கு முன்னாடியே மெசேஜ் போடோணுமுங்க. எதுக்கு வர்றீங்க, எத்தனை மணிக்குன்னு போடோணுமுங்க. சட்டமே அப்படித்தானுங்க இருக்குது" என்றாய். அந்தத் தாத்தா தலையை ஆட்டினார். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வரும் வழியில் உனக்குத் திருஷ்டி வழித்தேன். அந்தச் சட்டம் உன் மகளுக்கு மட்டும் எழுதினது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

கீர்த்தனா போனதிலிருந்து எனக்குத்தான் கஷ்டம். பால் திரிந்துவிட்டதா, குழம்பு ஊசிவிட்டதா என்று அவள்தான் எனக்கு முகர்ந்து சொல்வாள். இப்போது நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அவளுக்கு நானே போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். ஆமாம், சொன்னேன். எனக்கு எப்படிச் சொல்ல மனம் வந்தது என்று நீ கேட்பாய். நன்றாகவே வந்தது. முதலில் சட்டத்தைத்தான் படித்துச் சொன்னாள். "நம்மூர்லயும் அதேதான் அப்பாயி. ஒரு நாளைக்கு முன்னாடி எழுத்துல சொல்லோணும். நெருப்பு மாதிரி ஆபத்துன்னா மட்டும்தான் கேக்காமப் போலாம்." அப்போதுதான் உன் கேஸ் வாசம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது. சட்டத்தில் நீ முன்னாலேயே பார்த்து வைத்திருந்த சந்து அது. அதில் நுழைய உனக்கு என் சேலைத் தலைப்பு வேண்டியிருக்கிறது. பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த அக்கா தூங்கிட்டு இருந்தாங்களா அப்பாயி?" "ஆமா கண்ணு." போனை வைத்துவிட்டாள். அவள் இந்த வாரம் உன் போனை எடுக்கவில்லை என்று உன் பெண்டாட்டியிடம் குறைபட்டுக்கொண்டாயே. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தாய் இல்லையா?

என் அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் என் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினாய். "வயசான காலத்துல உள்ள உழுந்து கெடந்தா ஆரு பாக்கறது?" என்றாய். அன்றிலிருந்து நீயும் கூப்பிடுவதில்லை. நான் சேலை மாற்றும்போது வருகிறாய், சாமி கும்பிடும்போது வருகிறாய். நான் கோயிலுக்குப் போன நேரத்தில் என் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்ததும் தெரியும். நான் மடிக்கிற மடிப்பு வேறு, நீ மடிக்கிற மடிப்பு வேறு. கம்பெனியில் பனியன் மடிக்கிற மாதிரி என் சேலையை மடித்து வைத்திருந்தாய். உள்ளே என்ன தேடினாய் என்று கேட்க மாட்டேன். உன் வீட்டில் நானும் ஒரு லைன் வீட்டுக்காரி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

நேற்று நீ கம்பெனிக்குப் போனதும் பூஜை அறைக்குப் போனேன். முருகனிடம் அனுமதி கேட்டேன், கேட்காமல் எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. கொத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று "ஊட்ல ஆருங்க?" என்று கூப்பிட்டேன். வந்தவர்கள் கையில் அவரவர் சாவியைக் கொடுத்தேன். பீகார்ப் பையன் வாங்கிக்கொண்டு, "அம்மா, முதலாளி கோபம் வருமே?" என்றான். "வரட்டும், வந்தா வெளிய நின்னு கோவப்படச் சொல்லு" என்றேன். முத்துலட்சுமி சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். உள்ளே அவள் அம்மா கண்ணில் பச்சைத் துணி கட்டி உட்கார்ந்திருந்தாள். "யாரு தாயி வந்திருக்காக?" என்றாள். வீட்டுக்காரரோட அம்மா என்று மகள் சொன்னதும் அந்த அம்மாள் பதறி எழுந்து, தடவித் தடவி எனக்கு ஒரு ஸ்டூலைத் தேடினாள். நான் உட்காரவில்லை. அந்த ஸ்டூலை எனக்கு நன்றாகத் தெரியும். முத்துலட்சுமியின் வீட்டுக்காரன் சாயந்திரம் வந்து என் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தான். வெளியே ஒரு பூட்டும் வாங்கி வந்தான். அதற்குச் சாவி ஒன்றுதான், அது என் மடியில் இருக்கிறது. உன் கொத்தில் இப்போது வளையம் மட்டும்தான் பாக்கி.

ஸ்டேஷனுக்கு உன் காரில் வர மாட்டேன். நீ எழுந்திருக்கும் முன்னால் முத்துலட்சுமியோடு பஸ் ஏறிவிடுவேன். அங்கே உன் பக்கத்து நாற்காலியிலும் உட்கார மாட்டேன், காலியாக விட்டுவை. அந்த இன்ஸ்பெக்டர் அம்மா என்னைக் கேட்பார்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று நீயும் உன் வக்கீலும் முன்னாலேயே தெரிந்துகொள்ளலாம், ஒளித்து வைத்துச் சொல்கிற பழக்கமும் எனக்கு இல்லை. இதுதான் சொல்வேன்: "கேஸ் வாசம் அடிச்சுதான்னு எனக்குத் தெரியாதுங்க. அடிச்சிருந்தாலும் தெரியாதுங்க. கொரோனாக் காய்ச்சல் வந்தப்பவே எனக்கு மோப்பம் போயிருச்சுங்க. மல்லிப்பூ வாசமும் தெரியாது, மலத்து வாசமும் தெரியாதுங்க. பால் கெட்டுப்போச்சான்னு பேத்திதான் மோந்து சொல்லுவா. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்குது, பாத்துக்குங்க. என்ர பையன் ஒரே ஊட்டுலதானுங்க இருக்கறான். நெனைச்சப்ப என்ர ரூமுக்குள்ள வருவான், பொட்டியெல்லாம் தொறந்து பாப்பான். ஆனா இது மட்டும் அவனுக்குத் தெரியாதுங்க."

உன் அம்மா